ஓடத் தொடங்கியதும் கால் வலி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

நடைப்பயிற்சியிலிருந்து மெல்லோட்டத்துக்கு மாறுவது பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கால் வலியைப் பற்றியவை. ஓடத் தொடங்கிய முதல் சில மாதங்களில் காலில் ஏதேனும் ஓரிடத்தில் வலிப்பது மிகச் சாதாரணம். அந்த வலிகளில் பெரும்பகுதி ஊசியோ அறுவைச் சிகிச்சையோ இல்லாமலே சரியாகிவிடும். ஆனால் எல்லா வலியும் ஒன்றல்ல. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் கவனித்துச் சொன்னாலே நோயறிதலில் பாதி முடிந்துவிடும். கடிதம் எழுதியவர்களில் பலர் இவற்றைத் தெளிவாகக் குறித்திருந்ததால் பதில் எழுதுவது எளிதாயிற்று. ஒரே மாதிரியான கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. நாள் முழுவதும் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சில நாள்களாக ஓடுகிறேன். ஓடும்போது வலிப்பதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கெண்டைக்கால் சதையும் கல்லாகக் கனக்கின்றன. படியில் இறங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதால் இப்படி ஆகிறது என்று உடன் ஓடும் நண்பர் சொல்கிறார். வலியோடு ஓடலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பல காலமாகப் பலரும் நம்பி வந்த விளக்கம்தான். ஆனால் கடுமையாக ஓடினாலும், ஓட்டம் நின்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் (அவர் லாக்டிக் அமிலம் என்று சொல்வது இதைத்தான்) அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. எனவே இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அது காரணமாக இருக்க முடியாது. ஒவ்வொரு முறை பாதம் தரையில் பதியும்போதும் முழங்கால் சட்டென்று மடிந்துவிடாதபடி தொடைச் சதை உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்போது அந்தச் சதை நீண்டுகொண்டே இறுகுகிறது. பழக்கமில்லாத சதையில் இது மிக நுண்ணிய சேதங்களை உண்டாக்கும். அவற்றை உடல் செப்பனிடும்போது ஏற்படும் அழற்சியையே நீங்கள் வலியாக உணர்கிறீர்கள். பொதுவாக இந்த வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும்.

இது தொந்தரவில்லாத வலி என்பதற்கு அடையாளங்கள் உண்டு. இரண்டு கால்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். எலும்பிலோ மூட்டிலோ இல்லாமல் சதையின் நடுப்பகுதியில் இருக்கும். கொஞ்சம் நடந்து உடம்பு சூடானதும் குறையும். அப்படியானால் மெதுவாக நடப்பதோ, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் சிறிது தூரம் ஓடுவதோ கெடுதல் செய்யாது. ஆனால் நொண்டும் அளவுக்கு வலித்தால் அன்றைக்கு ஓட வேண்டாம். நொண்டிக்கொண்டு ஓடும்போது சுமை வேறிடத்துக்கு மாறி, அங்கே புதிய வலி தொடங்கும். முதல் இரண்டு மாதங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுவதே போதுமானது. அதே தூரத்தை மீண்டும் மீண்டும் ஓடும்போது சதை பழகிக்கொள்ளும். இந்த வலி பெரும்பாலும் மூன்றாம் நான்காம் முறைக்கே வெகுவாகக் குறைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. மிகக் கடுமையாக ஓடிய பிறகு சதை வீங்கி, சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனால் அது சாதாரண சதைவலி அல்ல. சிதைந்த சதையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: நான் 29 வயது ஆசிரியை. ஆறு வாரமாக ரேஸ்கோர்ஸ் சாலையில் ஓடி வருகிறேன். முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உட்பக்க ஓரம் முழுவதும் வலிக்கிறது. முதலில் ஓடி முடித்த பின் வலித்தது; இப்போது ஓடத் தொடங்கும்போதே வலிக்கிறது. சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு வா என்கிறார் என் மாமியார். எலும்பில் விரிசலாக இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. (வாசகி, கோவை)

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்து, இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்ற தெம்பு வந்துவிடுகிறது. இதயமும் நுரையீரலும் சதையும் புதிய வேலைக்கு விரைவாகப் பழகிக்கொள்கின்றன. எலும்பும் தசைநாணும் அப்படியல்ல. அவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் தேவை. எலும்பு உயிருள்ள திசு. புதிய சுமை விழுந்தால் அது தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பணியில் பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் முதலில் வருகின்றன. புதிய எலும்பை இடும் செல்கள் பின்னால்தான் வருகின்றன. இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பு இருந்ததைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காக நாம் தூரத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் அதே வாரங்களில்தான். ஆறாவது வாரத்தில் உங்களுக்கு வலி தலைகாட்டியதில் வியப்பில்லை. உங்கள் உடம்பில் குறை எதுவும் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விரிசலா, இல்லையா என்பதை ஓரளவு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றக் காலின் முழங்கால்மேல் குறுக்காக வையுங்கள். உள்கணுக்காலின் எலும்பு முடிச்சிலிருந்து தொடங்கி, கால் எலும்பின் உட்புற ஓரத்தைத் தொட்டபடியே, ஒவ்வொரு விரற்கடை தூரத்துக்கும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மேலே வாருங்கள். எலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து சென்டிமீட்டருக்கும் மேலாக, நீளவாக்கில் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பு உறையிலும் அதை ஒட்டிய எலும்பிலும் ஏற்பட்ட அழற்சிதான்; ஓடுபவர்கள் ‘ஷின் ஸ்பிளிண்ட்ஸ்’ என்று சொல்வது இதையே. அப்படியில்லாமல், ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய ஓரிடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், அல்லது நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், சோர்வினால் எலும்பில் ஏற்படும் விரிசலாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியடைந்து மீண்டும் ஓடி, விரிசலை முழு முறிவாக்கிக்கொண்டவர்கள் உண்டு. சந்தேகம் வலுவாக இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். எலும்பின் உட்புற ஓரத்தில் இல்லாமல் நடுமுன்பக்கத்தில் ஓரிடத்தில் வலித்தாலும், காலை ஊன்றும்போது தொடை இடுக்கில் ஆழமாக வலித்தாலும் தள்ளிப்போடக் கூடாது. அந்த இரு இடங்களிலும் விரிசல் எளிதில் ஆறுவதில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வலி பரவலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓடி முடித்த பின் வந்த வலி, இப்போது தொடக்கத்திலேயே வருகிறது என்பது நல்ல அறிகுறியல்ல. இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள். அதற்காகப் படுத்திருக்க வேண்டியதில்லை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், வசதியிருந்தால் நீந்தலாம். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலிக்கவில்லை என்ற நிலை வந்த பிறகு, ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதை எட்டு முறை செய்து பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என மூன்று முறை இப்படிச் சிரமமின்றி முடிந்தால், ஓடும் நேரத்தை இரண்டு நிமிடமாக்கலாம். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை அளந்துகொள்ளுங்கள்: ஓடும்போது மூன்றைத் தாண்டாமல், ஓட ஓடக் கூடாமல், மறுநாள் காலை எழும்போது இல்லாமல் இருந்தால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. மறுநாள் காலையும் வலித்தால், அடுத்த முறை ஒருபடி கீழே இறங்குங்கள்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் இந்த விதியைச் சோதித்தார்கள். 2008-இல் வெளியான அதன் முடிவில், விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களிலும் மற்றவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தது. இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கணக்கு மட்டும் காலைக் காப்பாற்றிவிடாது என்பதே இதிலிருந்து நான் புரிந்துகொள்வது. வாரக் கணக்கைவிட மறுநாள் காலை வலியையே நான் அதிகம் நம்புகிறேன்.

கெண்டைக்கால் சதை வலுவாக இருந்தால் எலும்பின் மேல் விழும் அழுத்தத்தைத் தாங்குவது எளிது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்துப் பதினைந்து முறை, சற்று மடித்து வைத்துப் பதினைந்து முறை. மடித்துச் செய்யும்போது ஆழத்தில் இருக்கும் சதைக்கு வேலை கிடைக்கிறது. அந்தச் சதையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எப்போதும் ஒரே திசையில் சாலையின் சரிவான ஓரத்தில் ஓடுவதையும் தவிருங்கள்.

மாமியார் சொல்வது அக்கறையில்தான். கெண்டைச் சதையில் இளஞ்சூடான எண்ணெய் தடவி மென்மையாக நீவிவிடுவதில் தவறில்லை, இதமாகவும் இருக்கும். வலிக்கும் எலும்பை அழுத்தி நீவுவதும், காலை முறுக்கி இழுப்பதும் கூடவே கூடாது. விரிசல் இருக்கும் எலும்பில் அது பெரும் தீங்கை விளைவிக்கும் என்பதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடல் எடையைக் குறைப்பதற்காக ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே உணவைக் குறைத்துக்கொண்டு வந்தால், மாதவிலக்கு தள்ளிப்போவதும் நின்றுபோவதும் உண்டு. உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்கவில்லை, எலும்பு தேய்கிறது என்பதற்கு அது அறிகுறி. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலைக்குத் தனிப் பெயரே சூட்டி எச்சரித்தது. வேறு எதுவும் கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் இவ்வளவு வெயில் இருந்தும் அந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பதால், காலையில் கூழோ களியோ அடையோ எந்த வடிவிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வயது 46. வங்கியில் பணி. ஓடத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. படியில் இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் முழங்கால் சிப்பியைச் சுற்றி வலிக்கிறது. இந்த வயதில் ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும், நடந்தால் போதும் என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: மூட்டு தேய்ந்துவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சான்றுகள் சொல்வது வேறு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் இருப்பவர்களில் அது 10.2 விழுக்காடு. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் மட்டும் 13.3 விழுக்காடு. ஓடுபவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதால், ஓட்டம்தான் மூட்டைக் காத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அளவோடு ஓடுவது மூட்டைத் தேய்க்கும் என்ற எண்ணத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. வீட்டில் உள்ளவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

உங்கள் வலி, சிப்பிக்கும் தொடை எலும்புக்கும் இடையே திடீரெனக் கூடிய அழுத்தத்தால் வருவது. படி இறங்குவது, குந்தி உட்காருவது, திரையரங்கில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பது ஆகிய மூன்றிலும் வலித்தால் ஏறக்குறைய உறுதிப்படுத்திவிடலாம். தொடை முன்சதையும் இடுப்பின் பக்கவாட்டுச் சதையும் வலுக்குறைந்திருப்பவர்களுக்கு இது அதிகம் வருவதைப் பார்க்கிறேன். நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு சதைகளுக்கும் வேலையே இருப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவதை வலிக்காத ஆழம் வரை பத்து முறையாக மூன்று சுற்று செய்யுங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராக உயர்த்தி இறக்குங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை மேலே தூக்குங்கள். ஆறு வாரம் தொடர்ந்து செய்தால்தான் பலன் தெரியும். பத்து நாளில் கைவிட்டுவிட்டு, பயிற்சி பயனில்லை என்று சொல்பவர்களே அதிகம்.

ஓடும் முறையில் ஒரு சிறு மாற்றமும் நன்றாகவே உதவுகிறது. காலை எட்டிப் போட்டு ஓடினால் முழங்கால் வாங்கும் அடி அதிகம். வேகத்தை மாற்றாமல் எட்டைச் சிறிதாக்கி, எட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அரை நிமிடத்துக்கு வலது பாதம் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு நிமிடத்துக்கான எட்டுகள் கிடைக்கும். அது 160 என்றால் 168 முதல் 176 வரை கொண்டுவர முயலுங்கள். ஐந்து முதல் பத்து விழுக்காடு வரையிலான இந்த உயர்வு முழங்காலின் சுமையைக் குறைக்கிறது என்று 2011-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். முதல் சில நாள்களுக்குக் கெண்டைக்கால் சற்று வலிக்கும் என்பதால் ஓட்டத்தின் நடுவே சில நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். மூட்டு வீங்கினாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது விட்டுக்கொடுத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் எங்கே ஓடினாலும் ஏற்றமும் இறக்கமும்தான். இறக்கத்தில் ஓடும்போது இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் முழங்காலின் வெளிப்பக்கம் கத்தியால் குத்துவதுபோல் வலிக்கிறது. நின்றால் போய்விடுகிறது. (வாசகர், குன்னூர்)

பதில்: இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே இணையும் தடித்த நார்ப்பட்டை, முழங்கால் சிறிதளவு மடிந்திருக்கும் நிலையில் அங்குள்ள எலும்பு மேட்டின்மீது அழுந்துகிறது. இறக்கத்தில் கால் அந்த நிலையிலேயே அதிக நேரம் இருப்பதால் வலி வருகிறது. வலி தொடங்கும் தூரம் உங்களுக்குத் தெரிந்திருப்பதால், சில வாரங்களுக்கு அதற்கு முன்பே நின்றுவிடுங்கள். ஏற்றத்தில் ஓடி இறக்கத்தில் நடந்து வாருங்கள். மதுரை வாசகருக்குச் சொன்ன இடுப்புப் பயிற்சிகள் உங்களுக்கும் பொருந்தும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறக்கத்தில் தொடர்ந்து ஓடினால், ஒரு மாதத்தில் ஆற வேண்டியது பல மாதம் இழுக்கும்.

கேள்வி: காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் ஆணி ஏறியதைப்போல வலிக்கிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. ஓடும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. மாலையில் மீண்டும் வலிக்கிறது. குதிகால் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்தவர் சொன்னார். (வாசகி, திருச்சி)

பதில்: குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்த்தகட்டில் ஏற்படும் வலி இது. இரவு முழுவதும் தளர்ந்திருந்த தகடு முதல் அடியில் சட்டென்று இழுபடுவதால் காலையில் மிகக் கடுமையாக இருக்கிறது. எலும்பு வளர்ந்திருப்பது பற்றிக் கவலைப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி இருக்கிறது. அதை அறுத்து எடுக்க வேண்டிய தேவை மிக அரிது.

கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்பே உட்கார்ந்தபடி பாதத்தை மற்றத் தொடையின் மேல் வைத்து, கால் பெருவிரலைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பத்து நொடி நிறுத்துங்கள். இதைப் பத்து முறை செய்தபின் முதல் அடியை வையுங்கள். அடுத்து, ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி வளைந்திருக்குமாறு நின்று, மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டிய இந்தப் பயிற்சி, டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்றில் வெறும் நீட்டிப்புப் பயிற்சியைவிட மூன்று மாத முடிவில் நல்ல பலன் தந்தது. வீட்டுக்குள் டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலுடன் நிற்பதைக் குறைத்துக்கொண்டு, மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள்ளும் அணிந்துகொள்ளுங்கள். சமையலறையில் நெடுநேரம் நிற்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

குதிகாலின் அடியில் இல்லாமல் பின்புறம், கெண்டைச் சதை சேரும் நாணில் வலிப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அது வேறு வகை. அங்கே முழு ஓய்வு பலன் தருவதில்லை. மெதுவாகச் சுமை ஏற்றும் குதிகால் பயிற்சிதான் மருந்து. பன்னிரண்டு வாரமாவது தொடர வேண்டும். ஓடும்போது பின்னங்காலில் யாரோ அடித்ததுபோல் ‘டப்’ என்ற சத்தத்துடன் வலித்து, அதன்பின் கால் நுனியில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஓடுவதற்கு முன்பே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் நிம்மதியாக ஓட முடிகிறது. இது தவறா? வலிக்கு ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா? (வாசகர், சேலம்)

பதில்: தயவுசெய்து அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லக்கூடியது வலி ஒன்றுதான். அதை மறைத்துவிட்டு ஓடினால் எலும்பு விரிசல்கூடத் தெரியாமல் முற்றிவிடும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. நம் வெயிலில் வியர்த்து நீரிழந்த உடலில் அது உண்மையான ஆபத்து. வயிற்றுப் புண், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருந்துக் கடையில் தாமாக வாங்கி இவற்றைச் சாப்பிடவே கூடாது.

ஐஸ், ஒத்தடம் இரண்டுமே வலியைத் தணிக்கும். ஆனால் காயத்தை விரைவில் ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஓய்வும் ஐஸும் என்ற முறையை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். புதிதாக வீங்கிய இடத்தில் வலி தாங்காவிட்டால் துணி சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைக்கலாம். இறுகிக் கிடக்கும் சதைக்கு வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். உங்களுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆட்டுக்கால் சூப் குடித்தால் கால் பலப்படுமா என்றும் கேட்டிருந்தீர்கள். குடிக்கலாம், ஆனால் குடித்த சூப் நேராகக் காலுக்குப் போவதில்லை. பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் கிடைக்கும் புரதமும் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: விலை உயர்ந்த ஷூ வாங்கினால் கால் வலி வராதா? வெறுங்காலில் ஓடுவதுதான் இயற்கை என்கிறார்களே? (வாசகர், புதுச்சேரி)

பதில்: விலைக்கும் வலிக்கும் தொடர்பில்லை. மாலையில், பாதம் சற்று விரிந்திருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், ஓடும்போது அணியும் காலுறையுடனே போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். கடைக்குள் நாலு எட்டு ஓடிப் பார்க்கும்போது எங்கும் உறுத்தக் கூடாது. 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய ஷூவை மாற்றிவிடுங்கள். வெறுங்காலில் ஓடும்போது பாதத்தின் முன்பகுதி முதலில் பதிவதால் முழங்காலின் சுமை குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுமை கெண்டைக்காலுக்கும் பின்குதி நாணுக்கும் போகிறது. இதுவரை ஷூவோடு ஓடியவர் ஒரே நாளில் மாறினால் வலி இடம் மாறுமே தவிர நீங்காது. மணலில் ஓடும்போதும் கெண்டைக்காலுக்கு இதே நிலைதான். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

கேள்வி: என் தந்தைக்கு 58 வயது. சர்க்கரை நோய் உண்டு. பல ஆண்டுகள் புகைபிடித்தவர். என்னைப் பார்த்து அவரும் ஓடத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் நின்றால் சரியாகி, மீண்டும் நடந்தால் அதே தூரத்தில் வருகிறது. பழக்கமில்லாத வலிதான் என்கிறார் அவர். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் அச்சாகும்வரை காத்திராமல் நேரிடையாகவே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன். குறிப்பிட்ட தூரத்தில் வந்து, நின்றதும் சில நிமிடங்களில் மறைந்து, மீண்டும் அதே தூரத்தில் வரும் கெண்டைக்கால் வலி, காலுக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபட்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். காலில் அடைப்பு இருந்தால் இதயத்தின் ரத்தக் குழாய்களிலும் இருக்கக்கூடும் என்பதால், இதைக் கால் வலியாக மட்டும் பார்க்கக் கூடாது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய, வலியில்லாத சோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். இதய நிலையையும் பார்த்த பிறகு, மருத்துவர் மேற்பார்வையில் திட்டமிட்டு நடப்பதே இந்நோய்க்கு ஒரு முக்கியச் சிகிச்சை. ஆகவே அவர் மறுபடியும் நடக்கவே முடியாது என்று பயப்பட வேண்டாம். அதுவரை ஓட்டத்தை நிறுத்திவைத்து, இந்த வாரமே ரத்தக் குழாய் அறுவை மருத்துவரிடமோ, அவர் வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை நோய் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். ஓய்வாக இருக்கும்போதே கால் வலித்தாலோ, பாதம் குளிர்ந்து நிறம் மாறினாலோ, விரலில் ஆறாத புண் இருந்தாலோ வாரம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தாலும் அப்படித்தான். அது சிரையில் ரத்தம் உறைந்திருப்பதாக இருக்கலாம் என்பதால், அந்தக் காலை நீவிவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.